சாயவேர்: யாழ்ப்பாண மணலில் விளைந்த சிவப்பு

யாழ்ப்பாண நகரின் கிழக்கெல்லையில், கண்டி வீதியின் இருபுறமும் பரந்து கிடக்கும் ஊர் அரியாலை. வடமேற்கே நல்லூர், கிழக்கே செம்மணி வெளியும் நாவற்குழியும், தெற்கே யாழ்ப்பாணக் களப்பு. நல்லூர்ப் பக்கத்துச் செம்பாட்டு மண் இங்கே கடலை நோக்கி இறங்க இறங்க வெளிறி, கிழக்கு அரியாலையில் மணலாகவும் உவராகவும் மாறுகிறது. துணியின் வரலாற்றில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு உரிய இடத்தை விளங்கிக்கொள்ள இந்த மண்மாற்றத்தையே முதலில் கவனிக்க வேண்டும்.

குளிர்நாடுகளில் ஒரு வட்டாரத்தின் துணி மரபு பெரும்பாலும் அங்கு மேயும் ஆட்டின் கம்பளியிலிருந்து தொடங்கும். குடாநாட்டுச் செம்மறியின் உடலில் கம்பளி வளர்வதில்லை. வெப்பநாட்டுக்கு ஏற்ற குட்டை மயிரே அதற்குப் போர்வை. இறைச்சிக்காகவும் எருவுக்காகவுமே அது வளர்க்கப்பட்டது. புகையிலைத் தோட்டங்களில் ஆடுமாடுகளை இரவில் பட்டி அடைத்து நிலத்துக்கு உரமேற்றுவது நெடுநாள் வழக்கம். பருத்தியும் இங்கே நெசவுக்குப் போதுமான அளவு விளையவில்லை. நூலும் வெள்ளைத் துணியும் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து தோணியேறி வந்தன. இழை வெளியிலிருந்து வந்தது. இந்த மண் கொடுத்தது நிறம். வடஇலங்கையின் மணற்கரைகளில் தானாக முளைத்த ஒரு சிறு செடியின் வேரே பருத்தித் துணிக்கு அழியாத சிவப்பை ஊட்டியது. அதன் பெயர் சாயவேர்.

செடியும் வேரும்

சாயவேரின் தாவரவியற் பெயர் ஓல்டன்லாண்டியா அம்பெலாட்டா. கோப்பி, வெட்சி, நுணா ஆகியவை அடங்கும் ரூபியேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிவப்புச் சாயம் தரும் செடிகள் இக்குடும்பத்தில் பல. ஐரோப்பாவின் மடர், இமயமலைச் சாரலிலும் தென்னிந்திய மலைகளிலும் வளரும் மஞ்சிட்டி, மஞ்சணத்தி என்றும் வழங்கும் நுணா ஆகிய எல்லாம் வேரிலோ தண்டிலோ நிறத்தைத் தேக்கி வைப்பவை. சாயவேர் இவற்றுள் மிகச் சிறியது. நிலத்தோடு படர்ந்து நிற்கும் மெல்லிய தண்டு, ஒடுங்கிய இலை, குடைபோலக் கொத்தாகப் பூக்கும் சிறு வெண்பூ. வழியில் கண்டால் களை என்றே எண்ணத் தோன்றும். அதன் மதிப்பு முழுவதும் மணலுக்குள் நீண்டு இறங்கும் நூல்போன்ற வேரில், அதிலும் வேரின் பட்டையில் இருக்கிறது.

சித்த மருத்துவ நூல்களில் இதே செடி இம்பூறல் எனப்படும். இரத்தம் கக்குதல், இருமல் ஆகியவற்றுக்கு அது மருந்து. ஒரே செடியை மருத்துவர் ஒரு பெயராலும் சாயக்காரர் மற்றொரு பெயராலும் அழைத்தனர். உலக வணிகத்தில் நிலைத்தது சாயக்காரர் வழங்கிய பெயரே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ‘சாய’ என்ற தமிழ்ச் சொல்லைத் தத்தம் நாவுக்கு ஏற்பத் திரித்து ஏடுகளில் எழுதினர். ஆங்கில அகராதிகளில் இந்த வேருக்குத் தரப்பட்டுள்ள ‘சாய்’, ‘சோயா’ என்னும் பெயர்கள் அப்படிப் போனவையே.

தென்னிந்தியாவின் கீழைக்கரை முழுவதிலும் இச்செடி உண்டு. கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களிலிருந்து நெல்லூர், கடலூர் வழியாக இராமேசுவரம் வரையிலும், கடலுக்கு இப்பால் மன்னார், வன்னிக் கரை, யாழ்ப்பாணக் குடாநாடு, அதன் தீவுகள் ஆகிய இடங்களிலும் மணற்பாங்கான நிலத்தில் அது வளர்ந்தது. ஆந்திரக் கரையில் விதைத்துப் பயிரிட்டதும் உண்டு. விதை மிக நுண்ணியது என்பதால் மணலோடு கலந்தே தூவுவார்கள். பயிரிட்ட வேர் நீளமாகவும் தடிப்பாகவும் வரும். தானாக முளைத்த காட்டுவேர் குட்டையானது. ஆனால் எடைக்கு எடை கூடுதல் நிறம் தருவது அதுவே என்பது சாயக்காரர் கணிப்பு. வடஇலங்கையின் வேர் பெரும்பாலும் காட்டுவேர். அதற்குக் கரை முழுவதும் கிராக்கி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேரைத் தோண்டுவது எளிய வேலையன்று. இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய வேரை முழு நீளத்துக்கும் எடுக்க, குனிந்தோ குந்தியிருந்தோ மணலை ஆழமாகக் கிளறியபடி மெல்ல மெல்ல நகர வேண்டும். ஒரு துணிக்கு வேண்டிய வேரைச் சேர்க்க மிகப் பெரிய நிலப்பரப்பைத் துழாவ வேண்டும். எடுத்த வேரை உலர்த்திக் கட்டுகளாக்கி நிறுத்துக் கொடுப்பார்கள். இவ்வேலையைச் செய்தோர் வேர்க்குத்துவோர் எனப்பட்டனர். சாதி அடுக்கின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த அவர்களுக்கு இது விரும்பித் தேர்ந்த தொழிலாக அன்றி, பிறப்போடு வந்த ஊழியமாகவே இருந்தது.

வேரிலிருந்து துணிக்கு

சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். மடர்ச் செடியிலும் இருப்பது இதுவே. ஆனால் மடரில் அலிசரினோடு பர்ப்பியூரின் என்ற வேறொரு நிறப்பொருளும் கலந்திருக்கும். சாயவேரில் அது இல்லை என்பதை ஏ. ஜி. பெர்க்கினும் ஜே. ஜே. ஹம்மலும் 1893இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். சாயவேர்ச் சிவப்பு தனித் தன்மையோடு இருப்பதற்கான வேதியியல் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அலிசரினுக்குப் பருத்தியோடு நேரே ஒட்டும் இயல்பு இல்லை. வெறுந்துணியை வேர்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் மங்கிய கறையே தங்கும். இரண்டு வெளுப்பில் அதுவும் போய்விடும். இழைக்கும் சாயத்துக்கும் இடையே பாலமாக ஒரு காரம் வேண்டும். படிகாரம் பாலமானால் சிவப்பு கிடைக்கும். இரும்புக் காடி பாலமானால் கருமையும் ஊதாவும் கிடைக்கும். இரண்டும் கலந்தால் அரக்குச் சாயல் வரும். ஒரே வேர், ஒரே கொப்பரை, ஒரே கொதிப்பு; துணியின் எந்த இடத்தில் எந்தக் காரம் பூசப்பட்டதோ அதற்கேற்ப நிறங்கள் பிரிந்து எழும். கீழைக்கரைச் சாயக்காரர் கைவசம் இருந்த மிகப் பெரிய நுட்பம் இதுவே.

முறை நீண்டது. முதலில் துணியின் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக ஆட்டுப்புழுக்கை அல்லது சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டுப் பல நாள் வெளுப்பார்கள். கம்பளி தராத ஆடு துணிக்கு உதவியது இந்த வகையில்தான். பிறகு கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப் பாலில் துணியைத் தோய்த்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு காரத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு துணியில் ஊறிப் படராமல் தடுக்கும். இரும்புத் துண்டுகளைக் கள்ளிலோ வெல்ல நீரிலோ ஊறவைத்துப் புளிக்கச் செய்த காடியால் கருங்கோடு வரைவார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர் பூசுவார்கள். அது நிறமற்றது என்பதால், பூசிய இடம் கண்ணுக்குத் தெரியும்படி பதங்கக் கட்டைச் சாறு சிறிது சேர்ப்பார்கள். பின்னரே துணி வேர்நீர்க் கொப்பரைக்குள் இறங்கும். கொதித்து எடுத்தபின் மறுபடியும் சாண நீரில் அலசி வெயிலில் விரித்தால் காரம் படாத இடத்தின் மங்கல் வெளுத்துப்போகும். கோலம் மட்டும் சிவந்து நிற்கும். நீலம் வேண்டுமானால் மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் அமிழ்த்துவார்கள்.

வரையும் கருவியான கலம் என்பது கூராகச் சீவிய மூங்கிற் குச்சி. அதன் நடுவில் கம்பளி அல்லது மயிர்ப் பந்தொன்றை நூலால் இறுகச் சுற்றியிருப்பார்கள். காரநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு விரலால் அழுத்தும்போது முனைக்குச் சிறிது சிறிதாக விடுவது அந்தப் பந்தே. பருத்தித் துணியில் எழுதும் இந்தக் கலைக்குள் கம்பளிக்கு இருந்த இடம் அந்தக் கைப்பிடி அளவுதான். அது இல்லாமல் கோடு ஓடாது.

இவ்வளவுக்கும் பின்னால் நீரின் குணமும் இருந்தது. எல்லாக் கிணற்று நீரிலும் சிவப்பு ஒன்றுபோல் ஏறுவதில்லை என்பதைச் சாயக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அலிசரின் அலுமினியத்தோடு மட்டுமன்றிக் கல்சியத்தோடும் சேர்ந்தே உறுதியான சிவப்பை உண்டாக்குகிறது என்று வேதியியல் பின்னர் விளக்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. அதன் கிணற்று நீரில் கல்சியம் மிகுதி. வேர் விளைந்த மணலும், அதன் நிறத்தைப் பிடித்து நிறுத்தவல்ல நீரும் இங்கே அருகருகே இருந்தன.

அரசர், பறங்கியர், கொம்பனி

கீழைக்கரையில் சாயத் தொழில் மிகப் பழையது. 1945இல் மோர்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் சாயத் தொட்டிகளாக இருக்கலாம் என்று கருதப்பட்டன. பாக்குநீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே மீனும் முத்தும் சங்கும் துணியும் போய்வந்த காலமெல்லாம் வேரும் அந்தப் பாதையிலேயே சென்றது. நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் நாடு இந்தப் பாதையின் மேலேயே அமைந்திருந்தது.

1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். நிர்வாகம் நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாறியது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக்குத் துணி வெறும் உடைப்பொருளாக இருக்கவில்லை. இந்தோனேசியத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் மிளகும் வாங்கப் பணத்தைவிடச் சோழமண்டலத் துணியே நன்றாகச் செல்லுபடியானது. ஆகவே துணி கிடைக்கும் இடமும், அதற்குச் சிவப்பு கிடைக்கும் இடமும் கொம்பனியின் கணக்கில் பெருமதிப்புப் பெற்றன.

யாழ்ப்பாணத்தில் கொம்பனி இரண்டு வழிகளில் முயன்றது. ஒன்று, சாயவேரைத் தன் தனியுரிமையாக்கியது. வேர்க்குத்துவோர் தோண்டிய வேரைக் கொம்பனிக்கே, அது விதித்த விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. நிலத்தையும் குடிகளையும் பதிந்த தோம்புகளில் யார் எந்த ஊழியத்துக்கு உரியவர் என்பதும் எழுதப்பட்டது; வேர் தோண்டுதலும் அத்தகைய கடமைகளுள் ஒன்று. 1697இல் யாழ்ப்பாணக் கொமாந்தர் ஹென்றிக் சுவார்தெக்ரோன் தம் பின்னோருக்காக எழுதிவைத்த அறிக்கையில் யானை, சங்கு, பனைமரம் ஆகியவற்றோடு சாயவேரும் பேசப்படுகிறது. யானையும் முத்தும் பார்வையாளர் கண்ணில் பட்டன. வேர் கணக்கேட்டில் இருந்தது.

இரண்டாவது முயற்சி, வேர் கிடைக்கும் இடத்துக்கே நெசவையும் சாயமிடுதலையும் கொண்டுவருவது. ஒல்லாந்த ஆட்சியின் முதற் பத்தாண்டுகளில், ரைக்லோஃப் ஃபான் கூன்ஸின் ஆளுகையின்போது, சோழமண்டலக் கரையிலிருந்து நெசவாளரும் துணியில் சாயமிடுவோரும் யாழ்ப்பாணத்துக்கு வரவழைக்கப்பட்டனர். கைக்கோளரும் சேணியரும் குடாநாட்டுச் சமூகத்தில் நெசவாளராக அறியப்பட்டோர். கடல்கடந்து குடியேறியோரின் வருகை இந்தத் தொழிலுக்கு வலுச் சேர்த்தது. ஆயினும் எதிர்பார்த்த வளர்ச்சி கிட்டவில்லை. காரணம் எளிது: வேர் இருந்தது, கைத்திறனும் வந்தது, பருத்தி இல்லை. நூலைக் கரையிலிருந்து கொண்டுவந்து இங்கே நெய்து மறுபடியும் கப்பலேற்றும் செலவு, கரையிலேயே நெய்து முடிக்கும் செலவோடு போட்டியிட முடியவில்லை. யாழ்ப்பாணம் முடிவில் நிறத்தை ஏற்றுமதி செய்யும் நாடாகவே நின்றது.

கரையின் வண்ணத்துணி இதற்குள் ஐரோப்பாவைக் கவர்ந்துவிட்டது. துவைத்தாலும் போகாத சிவப்பு அங்கே புதுமை. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளரின் எதிர்ப்பால் பிரான்சு 1686இல் இத்துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் இயற்றியது. கம்பளி நெய்தவரின் பிழைப்புக்குப் போட்டியாக நின்றது, கம்பளி விளையாத கரையின் ஒரு வேர். தடை போட்ட நாடுகளே இதன் இரகசியத்தையும் தேடின. கரையில் பணிபுரிந்த பிரெஞ்சு யேசுசபைக் குரவர் கூர்து, தம்மிடம் மதம் மாறிய சாயக்காரரிடம் கேட்டறிந்தவற்றை 1742இல் நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் பாலும், கம்பளிப் பந்து சுற்றிய கலமும், சாயவேரும் அதில் விவரிக்கப்பட்டன. பரம்பரையாகக் கைமாறி வந்த அறிவு ஒரு தபாலில் கடல் கடந்தது.

அத்துணி வகைக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரோடு உறவுள்ள சொல் யாழ்ப்பாணத்தில் மிக அண்மைக் காலம் வரை புழங்கியது. பூப்போட்ட பருத்தித் துணியைச் ‘சீத்தைத்துணி’ என்றும் அதில் தைத்ததைச் ‘சீத்தைச் சட்டை’ என்றும் முதியோர் சொல்வது வழக்கம். கைத்தொழில் மறைந்த பின்னும் சொல் ஆலைத் துணியின் மேல் ஏறி நிலைத்தது.

நிறத்துக்கு ஊரில் இருந்த இடம்

ஏற்றுமதிக் கணக்கு ஒருபுறமிருக்க, யாழ்ப்பாணத்து வாழ்வில் துணியின் நிறம் சமூக ஒழுங்கையும் காட்டியது. வண்ணார் விரிக்கும் நிலபாவாடையும் கட்டும் வெள்ளையும் மங்கலத்திலும் அமங்கலத்திலும் தூய்மையின் அடையாளம். சிவப்பு மணப்பெண்ணுக்கு உரியது. திருமணப் புடவையை யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘கூறை’ என்றே சொல்வர். மயிலாடுதுறையின் ஒரு பகுதியான கூறைநாடு அந்தப் புடவை நெசவுக்குப் பெயர்பெற்றது. கோயில்களில் விதானமும் தொம்பையும் தேர்ச்சீலையும் சிவப்பும் வெள்ளையுமாக அசைந்தன. தஞ்சை வட்டாரத்தில் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இவ்வகைக் கோயில் துணிகளைக் கலத்தால் எழுதும் மரபு இன்றும் தொடர்கிறது.

இந்த நிறங்களை உண்டாக்கிய கைகளுக்கும் அவற்றை அணியும் உரிமைக்கும் தொடர்பு இருக்கவில்லை. யார் எந்த ஆடையை, உடலின் எந்தப் பகுதி வரை அணியலாம் என்பதைச் சாதி வழக்கம் கட்டுப்படுத்திய சமூகம் அது. மணலில் குனிந்து சிவப்பைத் தோண்டியவர்கள் அந்தச் சிவப்பை உடுத்துவதற்கு உரியவர்களாகக் கருதப்படவில்லை. சாயவேரின் வரலாற்றைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாதது இதனாலேயே.

வீழ்ச்சி

1795 செப்தெம்பரில் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு வந்தது. சாயவேர் உரிமையும் அதனோடு கைமாறியது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற வருமான வழிகளுள் ஒன்றாகவே புதிய அரசு அதைக் கருதியது. இலங்கையின் வேளாண்மை, வணிகம், வருவாய் குறித்து அந்தோனி பெர்த்தலாச்சி 1817இல் வெளியிட்ட நூல், இந்த வேரையும் அதன் வருமானத்தையும் எடுத்துப் பேசுகிறது. ஆனால் அடித்தளம் அசையத் தொடங்கியிருந்தது. மான்செஸ்ரர் ஆலைத் துணி சோழமண்டலத் துணியைச் சந்தையிலிருந்து தள்ளியது. துணி குறையக் குறைய வேரின் தேவையும் குறைந்தது. 1832இல் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியமுறை சட்டத்தால் நீக்கப்பட்டபோது, மலிவான வேருக்கு ஆதாரமாக இருந்த அதிகாரமும் போனது. கூலி கொடுத்துத் தோண்டினால் கட்டுபடியாகாத பொருளாயிற்று வேர்.

இறுதி அடி ஒரு ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1868இல் பெர்லினில் கார்ல் கிரேபெயும் கார்ல் லீபர்மானும் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அந்திரசீனிலிருந்து அலிசரினைச் செயற்கையாக உண்டாக்கினர். இயற்கைச் சாயமொன்று, வேரோ இலையோ இல்லாமல் அதே மூலக்கூறாக ஆக்கப்பட்டது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டு ஜூனில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனமும் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கினும் ஒருநாள் இடைவெளியில் உற்பத்தி முறைக்குக் காப்புரிமை கோரினர். சில ஆண்டுகளில் விலை சரிந்து பிரான்சின் மடர் வயல்கள் கைவிடப்பட்டன. இந்தியச் சந்தைக்கும் அலிசரின் டப்பாவில் வந்து இறங்கியது.

மதுரைச் சௌராட்டிரர் தம் புகழ்பெற்ற சிவப்பை நல்லெண்ணெய், சாம்பற்காரம், ஆட்டுப்புழுக்கை, சாயவேர் ஆகியவற்றால் உண்டாக்கி வந்தவர்கள். அவர்களும் படிப்படியாக வேரை விட்டு டப்பாச் சாயத்துக்கு மாறினர். தொழில் பிழைத்தது, அடியில் இருந்த வேர் தேவையற்றுப் போயிற்று. யாழ்ப்பாணத்தின் நிலை இதற்கு நேர்மாறு. இங்கே பெரிய சாயத் தொழில் வேரூன்றியிருக்கவில்லை, வேர் மட்டுமே இருந்தது. ஆகவே வேருக்குச் சந்தை இல்லாமற் போனபோது எஞ்சி நிற்க எதுவும் இருக்கவில்லை.

சுதேசியமும் தறியும்

இருபதாம் நூற்றாண்டில் துணி மறுபடியும் பொதுப் பேச்சுக்கு வந்தது. இம்முறை அரசியல் வழியாக. 1924இல் மாணவர் மாநாடாகத் தொடங்கி வளர்ந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேசிய உடையையும் கதரையும் முன்னிறுத்தியது. ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் அதன் முன்னணியில் இருந்தனர். அவர்களது அழைப்பில் 1927 நவம்பர் இறுதியில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கதர் நிதிக்குப் பொருள் திரட்டுவது அப்பயணத்தின் முதன்மை நோக்கம். அரியாலையிலும் இக்காற்று வீசியது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி எடுக்கும் விழாவுக்கே ‘சுதேசியத் திருநாள்’ என்று பெயரிட்ட ஊர் அது. ஆனால் கதர் இயக்கம் கொண்டுவந்தது வெள்ளைத் துணி. தூய்மையும் எளிமையும் அதன் செய்தி. உள்ளூர் நிறத்தைத் தேடும் எண்ணம் அதில் எழவில்லை.

நாடு சுதந்திரம் பெற்றபின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கைத்தறி பரவியது. இறக்குமதித் துணிக்குக் கடுங் கட்டுப்பாடு இருந்த 1970 முதல் 1977 வரையான காலம் வடக்கின் நெசவுக்கு நல்ல காலம். சாரமும் சேலையும் படுக்கை விரிப்பும் உள்ளூர்த் தறிகளில் நெய்யப்பட்டன. பெண்கள் பலருக்கு நெசவுசாலை முதல் வேலைத்தலமாயிற்று. நூலும் சாயமும் அப்போதும் வெளியிலிருந்தே வந்தன. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் மலிவான துணி வெள்ளமாய்ப் புகுந்து தறிகளை ஓயச்செய்தது. அடுத்துவந்த போர் மிச்சத்தையும் குலைத்தது. 1995 ஒக்தோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாவற்குழிக்குப் போகும் வழி அரியாலையை ஒட்டியது. மக்கள் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது ஒரு துணிமூட்டை அளவே.

தொடரும் நிறம்

சாயம் என்ற சொல் குடாநாட்டு வீடுகளில் அழிந்துவிடவில்லை. அது துணியை விட்டு ஓலைக்கு மாறியது. பனங்குருத்தோலையை வெயிலில் வாட்டி, ஒரே அகலத்தில் வார்ந்து, கொதிக்கும் சாயநீரில் அமிழ்த்திச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக எடுத்து, வெள்ளோலையோடு கலந்து பின்னும் பெட்டியும் பாயும் விசிறியும் இன்றும் செய்யப்படுகின்றன. தூள்சாயம் கடையில் வாங்கியது, ஓலை உள்ளூர். இழை வெளியிலிருந்தும் நிறம் மண்ணிலிருந்தும் வந்த பழைய கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் ஓலையையும் தும்பையும் வட்டாரத்தின் மூலப்பொருளாக வளர்க்க முயல்கின்றன. கம்பளிநாட்டுக் கலைஞருக்கு ஆட்டு மயிர் எதுவோ, குடாநாட்டாருக்கு அது பனை.

போருக்குப் பின்னர் துணி ஓவியச் சீலையின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் பயின்றவர்களிடையே நூலையும் ஊசியையும் ஊடகமாகக் கொண்டோர் உள்ளனர். 1991இல் கண்டியில் பிறந்த ஹேமா ஷிரோனி அவர்களுள் நன்கு அறியப்பட்டவர். வீடு, இடப்பெயர்வு, மொழி, எல்லை ஆகியவற்றைத் துணியில் தையலாக எழுதுபவர் அவர். வீட்டுப் பெண்களின் வேலை என்று ஒதுக்கப்பட்ட தையலை வரலாற்றைச் சொல்லும் எழுத்தாக்கியது இத்தலைமுறைக் கலைஞரின் பங்களிப்பு. ஒரு வட்டாரத்தின் துணி மரபு என்பது பழைய கோலத்தைப் படியெடுப்பது மட்டுமன்று. அந்த மண்ணில் நடந்தவற்றுக்குத் துணியைச் சாட்சியாக்குவதும்தான் என்பதை இவ்வேலைகள் காட்டுகின்றன.

இயற்கைச் சாயங்கள் மீது உலகெங்கும் திரும்பியுள்ள ஆர்வத்தில் சாயவேரும் ஆய்வாளர் கண்ணில் பட்டுள்ளது. ஆனால் அதை மறுபடியும் தொழிலாக்குவதற்கு உள்ள தடை இருநூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததேதான்: நிறைய நிலம், நிறைய உழைப்பு, சிறிதளவு வேர். பழைய காலம் அந்த உழைப்பைக் கட்டாயத்தால் பெற்றது. நியாயமான கூலியோடு அதைப் பெற முடிந்தால் மட்டுமே அச்சிவப்பு திரும்பி வரத் தகும். காட்டுவேரைக் கண்டபடி தோண்டுவதைவிட மணல்நிலத்தில் விதைத்துப் பயிரிடுவதே அதற்கு ஏற்ற வழி; ஆந்திரக் கரையில் முன்பு நடந்ததும் அதுவே.

குடாநாட்டுத் துணி மரபைத் தேடுவோர் பெரும்பாலும் தறியைத் தேடுகின்றனர். தறி கிடைக்காதபோது மரபே இல்லை என்று முடிவுகட்டுகின்றனர். இந்த மண்ணின் பங்கு தறிக்கு முன்னால், கொப்பரைக்கும் முன்னால், மணலுக்குள் இருந்தது. அதைத் தோண்டியவர்களின் பெயர்கள் துணியில் இல்லை. அவர்களது உழைப்பின் அளவு ஒல்லாந்தர் கணக்கேடுகளில் மட்டும் நிற்கிறது. செடியோ வடக்கின் மணற்கரைகளில் இன்றும் வெண்பூப் பூத்து நிற்கிறது. மருத்துவர் அதை இம்பூறல் என்கின்றனர்.